எழுந்து நின்றாரா நம் ஒய்.பி.?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நம் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில், ஒய்.பி. என்று நாம் அழைக்கும் நாடாளுமன்ற உறுப்பினரை எடைபோட ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். சாவு வீட்டுக்கு வந்தாரா? கோயில் திருவிழாவுக்கு எத்தனை வெள்ளி கொடுத்தார்? தீபாவளிக்கு அரிசி மூட்டை வந்ததா? ஆளுங்கட்சி ஒய்.பி.யிடம் இதையெல்லாம் கேட்கலாம், அவர் கையில் தொகுதி மானியம் இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் எங்கே போவார்? அவர்களுக்கு அந்த மானியத்தைக் கொடுக்காமலேயே பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள். 2008இல் இங்கே ஜெயித்துப் பத்தாண்டு எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்த டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ், அதைக் கேட்டு நீதிமன்றப் படியேறியதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

சரி, காசு இல்லாத உறுப்பினரிடம் வேறு என்னதான் இருக்கிறது? அவையின் கூட்ட விதிகள் இருக்கின்றன. கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், ஆளை எண்ணி வாக்கெடுக்கச் சொல்லலாம், அவையில் போதுமான பேர் இல்லை என்று சபாநாயகரிடம் சுட்டிக்காட்டலாம். அதற்குத்தான் அவருக்கு மாதச் சம்பளம். நாமோ சக்கர நாற்காலி எத்தனை கொடுத்தார் என்று கேட்டுவிட்டு இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். அவருக்கும் அது வசதியாகப் போய்விடுகிறது.

2020 நவம்பர் 26ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தின் மீது, கொள்கை அளவில் மக்களவை முடிவெடுக்க வேண்டிய நாள். அன்றைய பிரதமர் முகிதீன் யாசின் அரசாங்கத்தின் பெரும்பான்மை நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று அரசாங்கம் கவிழுமா என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் குரல் வாக்கெடுப்பு. ஆதரவுக் குரலே பெரிது என்று அவைத் தலைமை சொல்லிவிட்டது. அதை ஏற்காதவர்கள் ஆளை எண்ணச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு விதிப்படி 15 பேர் எழுந்து நின்றால் போதும். எதிர்க்கட்சி உறுப்பினர் முகமட் சாபு கேட்டார். எதிரணியில் நூறு பேருக்கு மேல். எழுந்து நின்றவர்கள் 13 பேர்!

இரண்டு ஆள் குறைந்ததால் எண்ணிக்கையே நடக்கவில்லை, திட்டம் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீட்டையும் தனித்தனியாகப் பார்க்கும் குழுநிலையில் எதிர்ப்போம் என்று அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிம் பிறகு விளக்கம் சொன்னார். கோவிட் காலம், மாமன்னரே திட்டத்தை ஆதரிக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார், ஆகவே அந்த விளக்கத்தை நான் அப்படியே தள்ளிவிட மாட்டேன். ஆனால் டிசம்பர் 15ஆம் தேதி கடைசிக் கட்டமான மூன்றாம் வாசிப்பில் ஆளை எண்ணிப் பார்த்தபோது ஆதரவு 111, எதிர்ப்பு 108. இவ்வளவு நெருக்கத்தில் இருந்த ஓர் அவையில், நவம்பரில் உட்கார்ந்தே இருந்த ஒவ்வொருவரும் தம் தொகுதிக்கு வந்து காரணம் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை பேர் சொன்னார்கள்? நாமும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எழுந்து நிற்பதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்று எழுத்தில் எதுவும் நிற்காது. ஆளை எண்ணினால் ஒவ்வொரு பெயரும் அவையின் பேச்சுப் பதிவேடான ஹன்சார்டில் ஏறிவிடும். நான் தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளையில் செயலாளராக இருந்தவன். கூட்டத்தில் 'சம்மதம், சம்மதம்' என்று கத்துவதற்கு ஆள் நிறைய உண்டு. கையைத் தூக்குங்கள், பெயரை எழுதிக்கொள்கிறேன் என்றால் பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், மேற்பார்க்கும் மண்டோர் முகத்தில் விழிக்க வேண்டுமே!

வெளிநடப்புக்கு வருவோம். பத்திரிகையில் படம் வரும், வாசலில் நின்று பேட்டி கொடுக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். சாதாரண மசோதாவுக்கு அன்று வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை இருந்தால் போதும். எதிர்ப்பவர் வெளியே போனால் ஆளுங்கட்சிக்கு வேலை சுலபம். அரசியலமைப்பைத் திருத்துவதென்றால் கதை வேறு. அவையின் மொத்த உறுப்பினர் 222 பேரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 பேர் ஆதரிக்க வேண்டும். அங்கே வாக்களிக்காமல் இருப்பதே எதிர்ப்பு வாக்கு மாதிரிதான்.

2019 ஏப்ரல் 9ஆம் தேதி அப்படித்தான் நடந்தது. சபா, சரவாக் மாநிலங்களின் தகுதி பற்றிய திருத்தத்தை ஆதரித்தவர்கள் 138 பேர், வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 59 பேர். பத்து வாக்கு குறைந்து திருத்தம் விழுந்தது. அதில், மலேசியா உருவாகக் காரணமான 1963 மலேசிய ஒப்பந்தத்தைப் பற்றிய குறிப்பு இல்லை என்பது சரவாக் தரப்பின் குறை. 2021 டிசம்பரில் வேறோர் அரசாங்கம் அந்த ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டே திருத்தத்தைக் கொண்டுவந்தது, 199 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் எவருமில்லை. ஆக, தடுத்ததால் வாசகம் திருந்தியது. இரண்டரை ஆண்டு தாமதமும் ஆனது. தடுத்தவரிடம் இரண்டையுமே பேச வேண்டும், புகழ்ந்துவிட்டோ திட்டிவிட்டோ போனால் பயனில்லை.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுவது கேள்வி நேரம். அதில் சத்தம் குறைவு, அதனால் நாம் கவனிப்பதில்லை. 'தோட்டத் தொழிலாளர் படும் துன்பத்தை அமைச்சு அறியுமா?' என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறியும், நடவடிக்கை எடுத்து வருகிறது என்று பதில் வரும். இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: தொழிலாளர் குடியிருப்புக்கான 446ஆம் சட்டத்தின் கீழ், கோலகங்சார் மாவட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை தோட்டங்களைத் தொழிலாளர் இலாகா சோதனை செய்தது, எத்தனை நிர்வாகங்களுக்கு அபராதம் விதித்தது, எத்தனை லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கூரையும் குழாயும் சரி செய்யப்பட்டன? இதற்கு எண் இல்லாமல் பதில் சொல்ல முடியாது. எண் வந்துவிட்டால், லயத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்திருப்பவர் அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு இலாகாவின் வாசலுக்குப் போகலாம். கேள்வியைக் கொடுத்துவிட்டு அன்று காலையில் அவைக்கே வராத ஆட்களும் உண்டு. அமைச்சரை மடக்கும் துணைக் கேள்வி அத்தோடு போச்சு.

2016இல் மக்களவையில் சிறப்பு அறை ஒன்றைத் தொடங்கினார்கள், மலாயில் காமார் காஸ். பெரிய அவையில் இடம் கிடைக்காத உள்ளூர் விஷயத்தை ஓர் உறுப்பினர் அங்கே ஏழரை நிமிடம் பேசலாம், அரசாங்கத் தரப்பு ஏழரை நிமிடம் பதில் சொல்லும். (ஏழரை என்றதும் சனீஸ்வரனை நினைக்க வேண்டாம்.) ஒரு தமிழ்ப்பள்ளியின் நிலப் பிரச்சினைக்கும், மூடப்பட்ட தோட்டத்தின் வீட்டுப் பிரச்சினைக்கும் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தொலைக்காட்சிக் கேமராவின் கவனம் அங்கே குறைவு. யார் அங்கே போய் உட்கார்ந்து பேசுகிறார் என்று பார்த்தால் ஆளின் தரம் தெரிந்துவிடும்.

கோரம், அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, பற்றி ஒரு வார்த்தை. அவை நடக்க 26 பேர் இருந்தால் போதும். இல்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினால் மணியடித்து ஆள் தேடுவார்கள். ஆளுங்கட்சியைத் தலைகுனிய வைக்க நல்ல ஆயுதம்தான். சுட்டிக்காட்டுகிறவருக்குப் பின்னால் அவர் கட்சி வரிசையும் காலியாகக் கிடந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சொல்லும் சமாதானத்தையும் கேட்க வேண்டும். அவசரத் தீர்மானம் கொடுத்தால் சபாநாயகர் தள்ளிவிடுகிறார் என்பார்கள். பெரும்பாலும் உண்மை. 18(1) விதியின் கீழ் கொடுக்கும் தீர்மானம் குறிப்பானதாக, பொதுநலம் சார்ந்ததாக, அவசரமானதாக இருக்க வேண்டும், அந்தச் சல்லடையில் தப்புவது அபூர்வம். தள்ளப்பட்டதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். தள்ளப்படும் என்று தெரிந்தே அரைப் பக்கம் எழுதிக் கொடுத்து, மத்தியானம் செய்தியாளர் கூட்டம் வைப்பவரிடம்தான் எனக்கு வருத்தம்.

2018க்குப் பிறகு நம் நாட்டில் பெரிய கட்சிகள் அநேகமாக எல்லாமே இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்துவிட்டன. நேற்று குரல் வாக்கெடுப்பை ஏசியவர் இன்று அமைச்சர், நேற்று கேள்விக்கு மழுப்பியவர் இன்று மேசையைத் தட்டுகிறார். அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபமாகிவிட்டது. நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட் இருக்கிறது. மலாய்தான், வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒய்.பி.யின் பெயரைத் தட்டித் தேடித் தந்துவிடும். அவர் எத்தனை தடவை பேசினார் என்பதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நம் ஊரைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு வந்த பதிலில் ஓட்டை இருந்தால், அடுத்த கூட்டத்தொடரில் அவர் அதைத் திரும்பப் பிடித்தாரா என்று மட்டும் பாருங்கள்.

கேள்விகளைக் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே உறுப்பினர்கள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஆகவே கோயில் மண்டபத்தில் ஒய்.பி. மாலை போட்டுக்கொண்டு நிற்கும்போது உங்கள் லயத்துக் கூரையைச் சொல்லிப் பிரயோசனமில்லை. தோட்டத்தின் பெயர், வீட்டு எண், என்றைக்கு யாரிடம் புகார் கொடுத்தீர்கள், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவருடைய சேவை மையத்தில் முன்கூட்டியே கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.