ஐந்தில் வளைகிறது, ஐம்பதில் வளையவில்லை

(பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. மைக் கோளாறையும் என் இருமலையும் நீக்கிவிட்டு எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, மதியமே வந்து நாற்காலி இழுத்துப் போட்ட நூலகர் அவர்களே, வரவேற்புரையில் என்னை 'எலும்பு வாத்தியார்' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட தலைமையாசிரியர் அவர்களே (வருத்தம் ஒன்றும் இல்லை, முப்பது வருடமாக எனக்கு அதுதான் பெயர்), ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, மகளிர் குழுத் தலைவியே, தருமபுரியில் இருந்து நேரம் ஒதுக்கி வந்திருக்கும் டாக்டர் அம்மா அவர்களே! நான் தப்பாகச் சொன்னால் நீங்கள் திருத்த வேண்டும், ஆனால் கூட்டம் முடிந்த பிறகு. பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்கவும். போன வருடம் ஒருவரை விட்டுவிட்டேன், இன்னும் டீக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஐயா, வந்திருக்கிறீர்களா? உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'நம் கைகள்'. எலும்பு, மூட்டு, தசை என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆளுக்குப் பத்து நிமிடம்.

இந்த ஊரில் மேடை ஏறினால் அதியமான் அவ்வைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைச் சொல்லாமல் இறங்க முடியாது. சரி, சொல்லிவிடுகிறேன். நெல்லியில் வைட்டமின் சி நிறைய உண்டு. எலும்புக்குள் கம்பி மாதிரி ஓடுகிற கொலாஜன் என்னும் புரதத்தைக் கட்ட அந்த வைட்டமின் வேண்டும். கம்பியைச் சுற்றி சிமெண்ட் போல இறுகுவது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு. கம்பி இருப்பதால் எலும்பு சட்டென்று உடைவதில்லை, சிமெண்ட் இருப்பதால் வளைவதில்லை. குழந்தைக்கு சிமெண்ட் இன்னும் முழுதாக இறுகவில்லை. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நம் பெரியவர்கள் சொன்னது எலும்பைப் பார்த்துத்தான் என்று நான் நம்புகிறேன். அதைப் பிரம்பு எடுக்க வாத்தியார்கள் சாக்காக வைத்துக்கொண்டது பிற்காலத்துக் கதை. நானும் வைத்துக்கொண்டவன்தான்.

பிறக்கும்போது எலும்பும் குருத்தெலும்புமாக முந்நூறு அளவில் இருக்கும். வளர வளர ஒன்றோடொன்று சேர்ந்து பெரியவர்களிடம் 206 ஆகிறது. அதில் ஒரு கைக்கு மட்டும் 32. எண்ணிக்கொள்ளுங்கள்: கழுத்துக்குக் கீழே குறுக்கே ஓடுகிற காறை எலும்பு, தோள்பட்டை எலும்பு, மேற்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு, மணிக்கட்டில் எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு. விரலுக்கு மூன்று என்றால் பதினைந்து வர வேண்டுமே என்று ஒரு தம்பி விரலை மடக்குகிறான். கட்டைவிரலுக்கு இரண்டுதான் தம்பி.

இதில் காறை எலும்பு ஒரு விசித்திரமான ஆள். கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவது அது. முழுதாக முற்றுவதற்குள் நமக்கு 25 வயது ஆகிவிடும். முந்திக்கொண்டு ஆரம்பிப்பது, கடைசியில் முடிப்பது. ரோடு காண்ட்ராக்ட் மாதிரி. கை முழுவதும் உடம்போடு எலும்பால் சேருகிற இடம் இந்தக் காறை எலும்பு மார்பெலும்பைத் தொடும் மூட்டு ஒன்றுதான். மற்றபடி கையைத் தாங்கிப் பிடித்திருப்பது தசைதான்.

இப்போது எல்லோரும் முழங்கையை மடக்கி, பிரசாதம் வாங்குவது போலக் கையை நீட்டுங்கள். மேடையில் இருப்பவர்களும்தான். சரி, அப்படியே கவிழ்த்துங்கள். மறுபடி நிமிர்த்துங்கள். என்ன நடந்தது? முன்கையில் இரண்டு எலும்பு என்றேனே, சுண்டுவிரல் பக்கம் இருக்கிற அல்னா நகரவில்லை. கட்டைவிரல் பக்கம் இருக்கிற ஆர எலும்பு அதன் மேல் குறுக்கே புரண்டு படுத்தது, பிறகு எழுந்தது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று விரித்துக் கட்டியிருக்கிறது. அதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

அதற்கு முன் ஒரு கதை. கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு எலும்புக்கூடு வாங்கினார்கள். நிஜம் இல்லை, பிளாஸ்டிக். சென்னையில் இருந்து தருமபுரி லாரி ஷெட்டுக்கு வந்து இறங்கிவிட்டது, போய் எடுத்து வா என்று என்னை அனுப்பினார்கள். மழையில் அட்டைப்பெட்டி ஊறிப்போய்க் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பிய்த்து எறிந்துவிட்டு, கையில் இருந்த துண்டை அதன் இடுப்பில் கட்டி, தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். துண்டு எதற்குக் கட்டினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. ஏதோ ஒரு மரியாதை.

பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் மறிக்கிறார். "வாத்தியாரே, ஆளுக்கு டிக்கெட், மூட்டைக்கு லக்கேஜ். இது ஆளா, மூட்டையா?" ஆள் இல்லீங்க, பாடம் என்றேன். "உட்கார வெச்சா ஆளு, மேல போட்டா லக்கேஜு." மேலே போடலாம் என்று பார்த்தால் மண்டை ஜன்னல் பக்கம் தொங்கி, முன் சீட்டில் இருந்த குழந்தை வீறிட்டது. கடைசியில் ஒரு முழு டிக்கெட் எடுத்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். அதகபாடி வரைக்கும் பஸ்ஸில் பேச்சே இல்லை. பின்னால் ஒருவர், "அவருக்கு அரை டிக்கெட் போதுமே, சதையே இல்லையே" என்றதும் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

இண்டூரில் ஒரு ஆயா ஏறினார். வேறு இடம் இல்லை. எலும்புக்கூட்டுக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். பயமே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதன் கையைத் தூக்கி நீட்டினார், மடக்கினார், திருப்பினார். "யாரு வாத்தியாரே இவரு, எந்த ஊரு?" சும்மா சொல்லி வைத்தேன், சென்னை என்று. ஆயா தலையை ஆட்டினார். "அதான் கை இவ்ளோ நேரா நீளுது. அங்க நல்ல தண்ணி போல."

அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். முழங்கை பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது. நீட்டவும் முடியவில்லை, முழுதாக மடக்கவும் முடியவில்லை. தலைக்கு மேல் கம்பியைப் பிடிக்க எட்டாது. கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினார். "தலைக்குப் பூ வெச்சு எட்டு வருசமாச்சு, மருமவதான் வெக்கிறா" என்றார். வயது கேட்டேன். ஐம்பத்திரண்டு. ஆயா என்று நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணை.

தசை பற்றிச் சொல்ல நேரம் இருக்குமா என்று தெரியவில்லை. இதைச் சொல்லாமல் நகர மாட்டேன்.

நம் மாவட்டத்துக்கு அடியில் இருப்பது கடும் பாறை. அதில் புளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. கிணற்றில் மழைத் தண்ணீர் ஊறிய காலம் போய், ஆழ்துளை போட்டுப் பாறை இடுக்கில் வெகுகாலம் கிடந்த தண்ணீரைக் குடிக்கிறோம். அந்தத் தண்ணீரில் புளோரைடு ஏறியிருக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் குழந்தையின் பல்லில் முதலில் தெரியும், மஞ்சளாக, பழுப்பாக. வருடக்கணக்கில் குடித்தால் எலும்புக்குப் போகும். உடம்பில் தங்குகிற புளோரைடில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் தங்குகிறது. வளர்கிற எலும்பு பெரியவர்களின் எலும்பைவிட அதிகமாகப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

அந்தச் சவ்வு ஞாபகம் இருக்கிறதா? முன்கை எலும்பு இரண்டுக்கும் நடுவே? புளோரைடு ஏறினால் அது எலும்பு போல இறுகிப்போகும். டாக்டர் அம்மாவுக்குத் தெரியும், முன்கை எக்ஸ்ரேயில் அதைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். முதுகெலும்பின் தசைநார்களும் அப்படியே இறுகும். குழந்தைகளுக்கு, அதுவும் கால்சியம் போதாத குழந்தைகளுக்கு, முழங்கால் இரண்டும் உள்பக்கம் வளைந்து உரசும். பழமொழி என்ன சொல்கிறது? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா. நம் ஊரில் கதையே தலைகீழ். ஐந்தில் கால் வளைகிறது, ஐம்பதில் முதுகு வளைய மாட்டேன் என்கிறது.

இது புதிய செய்தியும் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயை 1937லேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008ல் அடிக்கல், 2013ல் திறப்பு. ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீர் வந்தது. அதைக் கொண்டுவந்த எல்லோருக்கும் கும்பிடு, எந்தக் கட்சியாக இருந்தாலும். ஆனால் நான் குடியிருக்கும் ஊரில் என்ன செய்கிறார்கள்? ஆற்றுத் தண்ணீர் குறைந்த நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றிக் கலந்துவிடுகிறார்கள். கேட்டால், "தண்ணி வரலைன்னா சண்டைக்கு வர்றீங்க, வந்தா கலப்படம்னு சண்டைக்கு வர்றீங்க." அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போர் தண்ணீரைத் துவைக்க, கழுவ, மாட்டுத் தொட்டிக்குத் தனிக் குழாயில் விடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர் மட்டும். அங்கன்வாடியிலும் சத்துணவுக் கூடத்திலும் முதலில் இதைச் செய்யுங்கள் என்றுதான் மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைகள் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். ஐந்தில் விட்டுவிட்டு ஐம்பதில் போய் வளைக்கப் பார்த்தால் வளையுமா?

காய்ச்சினால் போய்விடும் என்று ஒரு அம்மா தலையாட்டுகிறார். போகாது அம்மா. தண்ணீர் சுண்டும், புளோரைடு அப்படியே நிற்கும், இன்னும் கெட்டியாகும். டீத்தூளிலும் புளோரைடு உண்டு. போர் தண்ணீரில் கொதிக்கக் கொதிக்கப் போட்ட கடுந்தேநீர் நாளைக்கு ஆறு குடிக்கிற அண்ணன்மார்கள் யோசிக்கட்டும். அப்புறம், களி தின்னுங்கள். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. கால்சியம் போதுமான அளவு இருந்தால் குடல் புளோரைடை உறிஞ்சுவது குறையும். நம் பாட்டிகள் களி கிண்டிப் போட்டார்கள், நாம் ரேஷன் அரிசிக்கு மாறிவிட்டுக் கால்சியம் மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறோம்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'இரண்டு நிமிடம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். மூட்டையும் தசையையும் இரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டுமாம்.

இடுப்பு மூட்டு ஆட்டுக்கல்லில் குழவி உட்கார்ந்திருப்பது போல, ஆழமான குழி. தோள் மூட்டு தட்டில் வைத்த எலுமிச்சம்பழம். அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது, அதனால்தான் எளிதில் நழுவவும் செய்கிறது. பழம் உருளாமல் நான்கு சிறு தசைகள் சுற்றி நின்று பிடித்திருக்கின்றன. மேலே தொப்பி போலக் கவிந்திருப்பது டெல்டாய்டு. முன்னால் இருதலைத் தசை, பின்னால் முத்தலைத் தசை. ஒன்று மடக்கும், ஒன்று நீட்டும். இருதலைத் தசைக்கு இன்னொரு வேலை, உள்ளங்கையை நிமிர்த்துவது. வலது கையால் ஸ்க்ரூ முறுக்கும்போது மேற்கையைத் தொட்டுப் பாருங்கள், கெட்டியாகும். விரலுக்குள் விரலை அசைக்கும் தசையே கிடையாது. இழுக்கிறவன் முன்கையிலும் உள்ளங்கையிலும் உட்கார்ந்துகொண்டு கயிற்றை இழுக்கிறான், பொம்மலாட்டம் மாதிரி. மணிக்கட்டில் ஒரு சின்னக் குகை வழியாக ஒன்பது கயிறும் ஒரு நரம்பும் போகின்றன. அந்த நரம்பு நசுங்கினால் என்ன ஆகும் என்பதை... சரி, சரி, தலைவர் எழுந்தே நிற்கிறார். அது அடுத்த வருடம்.

ஒரே ஒரு வேண்டுகோள். நோட்டீஸில் போட்டிருந்தபடி வீட்டில் இருந்து தண்ணீர் கொண்டுவந்தவர்கள் இடது பக்க மேசைக்கு வாருங்கள். பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும், கண்ணாடி வேண்டாம். கொண்டுவராதவர்கள் நாளைக் காலையில் நூலகத்தில் கொடுக்கலாம். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிவிட்டுப் பிடியுங்கள். எந்தத் தெரு, எந்தக் குழாய், ஆறா போரா என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். புளோரைடு இருக்கிறதா என்று பார்க்கும் சிவப்பு மருந்தை மாணவர்கள் ஊற்றிக் காட்டுவார்கள். சிவப்பு அப்படியே நின்றால் நல்லது. மஞ்சள் பக்கம் போனால் பெயரும் தெருவும் எழுதிக் கொடுங்கள். அடுத்த மனுவில் உங்கள் கையெழுத்தும் வேண்டும். கை நீளாதவர்கள் சொல்லுங்கள், நோட்டை நான் கிட்டே கொண்டுவருகிறேன். வணக்கம்.