மீசையை நம்பிய முதலாளி

சபையோருக்கு வணக்கம்.

இப்போது நாம் எல்லோரும் சேர்ந்திருந்து பார்த்துச் சிரித்த 'தில்லு முல்லு', 1981ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் திகதி வெளியானது. தொழிலாளர் தினத்தில் வந்த கந்தோர்க் கதை! கே. பாலசந்தரின் இயக்கம், விசுவின் வசனம். 1979இல் ஹிந்தியில் வந்த 'கோல்மால்' படத்தின் கதையை எடுத்து நம்முடையதாகவே ஆக்கிவிட்டார்கள். ரஜினிகாந்த் முழுநீள நகைச்சுவையில் இறங்கிய படம் என்று இதைச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் நான் இன்றைக்குப் பேச வந்தது அவரைச் சுற்றி நின்றவர்களைப் பற்றி.

கதையின் வேர் ஒரு வேலை. தங்கையை வைத்துக் காப்பாற்ற வேண்டிய இளைஞனுக்கு உத்தியோகம் வேண்டும். முதலாளியோ மீசை வைத்தவன்தான் ஒழுக்கமானவன் என்று நினைக்கிறவர். விளையாட்டில் மோகம் கொண்ட பையன்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஆகவே அந்த இளைஞன், ரஜினி நடித்த சந்திரன், அவருக்குப் பிடித்த மாதிரி வேஷம் கட்டிப் போகிறான். பிறகு உதைபந்தாட்ட மைதானத்தில் அவர் கண்ணில் பட்டுவிட, இல்லாத இரட்டைச் சகோதரன் ஒருவன் பிறக்கிறான். அங்கேயிருந்து ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுக்கிறது.

அந்தப் பொய்களைத் தாங்குகிறவர் யார்? முதலாளியாக வந்த தேங்காய் சீனிவாசன். பொய் சொல்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், எதிரே இருப்பவர் மனதார நம்பினால்தான் நமக்குச் சிரிப்பு வரும். நேர்முகப் பரீட்சைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன் என்று முழுப்பெயரையும் அவன் ஒப்பிக்கும்போது, நாம் பார்க்க வேண்டியது தேங்காயின் முகத்தை. 'நான் நகைச்சுவை நடிகன்' என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. நாடு கெட்டுப்போகிறதே என்று கவலைப்படும் ஒரு பெரிய மனிதர், கடைசியில் ஒரு நல்ல பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி மட்டும்தான் இருக்கிறது. எத்தனை தரம் பார்த்தாலும் அந்த மகிழ்ச்சி எனக்கு நெஞ்சைத் தொடுகிறது. அவர் ஒரு தரம் கண்ணடித்திருந்தால் படமே சரிந்திருக்கும்.

அவருடைய பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்தார், அது பெயரோடு ஒட்டிக்கொண்டது. சௌகார் ஜானகிக்கும் அப்படித்தான். 1950இல் வந்த அவருடைய முதல் தெலுங்குப் படத்தின் பெயர் கடைசிவரை கூடவே வந்தது. அழுகைக்குப் பேர்போன அவரை 'எதிர்நீச்சல்' படத்தில் பட்டு மாமியாக்கிச் சிரிக்க வைத்தவரும் பாலசந்தர்தான். இங்கே அவர் ஒரு செல்வச் சீமாட்டி. சந்திரனின் ஏழைத் தாயாக நடித்துத்தர ஒப்புக்கொண்ட பிறகு, அந்த வேஷத்தை அவர் அனுபவிக்கிற அனுபவிப்பு இருக்கிறதே!

நம் ஊரிலும் இதே கதைதான். இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அது 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. முஸ்லிம் பேச்சில் வெளுத்துக்கட்டிய ராமதாஸ் 'மரிக்கார்' ஆனார், யாழ்ப்பாணத் தமிழ் பேசிய ராஜகோபால் 'அப்புக்குட்டி' ஆனார், சிங்களவர் தமிழ் பேசுகிற மாதிரிப் பேசிய செல்வசேகரன் 'உபாலி' ஆனார். இவர்களில் யார் கதாநாயகன் என்று அப்போது யாருமே கேட்கவில்லை.

தில்லு முல்லுவில் தங்கையாக வந்த விஜிக்கு அதுதான் முதல் படம். நாகேஷும் கமல்ஹாசனும் சிறிது நேரமே வந்துபோகிறார்கள். அதற்குமேல் அவர்களைப் பற்றிச் சொல்ல இல்லை.

ஒரு கதை சொல்லிவிட்டு இறங்குகிறேன். 1996ஆம் ஆண்டு நான் கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் இலிகிதராக இருந்தேன். ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, பலகை அடித்திருந்தது. பகலிலும் மின்விளக்கில்தான் வேலை. யாரும் உரக்கப் பேசக்கூட மாட்டோம். அப்புறம் மார்ச் வந்தது. 13ஆம் திகதி புதன்கிழமை, கல்கத்தாவில் இந்தியாவோடு உலகக் கிண்ணக் கிரிக்கெட் அரையிறுதி. எங்களோடு வேலை செய்த தம்பி ஒருவர், அம்மாவுக்குக் கடும் சுகமில்லை என்று அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தார். எங்கள் பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தம்பி, டொக்டரிட்டக் காட்டினீரா? காசு ஏதும் தேவையா?" என்று கேட்டார். உண்மையான கவலையோடு கேட்டார். நாங்கள் எல்லோரும் பைல்களுக்குள் தலையை விட்டுக்கொண்டோம்.

அதோடு முடியவில்லை. இறுதிப்போட்டிக்கு முதல்நாள், சனிக்கிழமை பின்னேரம், பெரியவர் ஒரு குலை செவ்விளநீரோடு கொட்டாஞ்சேனையில் இருந்த தம்பியின் வீட்டுக்கே போய்விட்டார். தம்பிக்கு வாயில் பேச்சு வரவில்லை. அம்மா குசினியில் வடை சுட்டுக்கொண்டு நின்றவர், மாப் படிந்த கையோடு வெளியே வந்தார். வந்தவரைப் பார்த்தார், இளநீர்க் குலையைப் பார்த்தார், மகனுடைய முகத்தைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு மெல்லக் கதிரையில் உட்கார்ந்து இரண்டு தரம் இருமினார்.

"இப்ப பரவாயில்லை ஐயா. புதன்கிழமைதான் சரியான கடுமை."

யார் எழுதிக் கொடுத்த வசனம் அது! திங்கட்கிழமை தம்பி இதைச் சொன்னபோது, பலகை அடித்த அந்த அறையில் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். முதல்நாள் வென்ற உலகக் கிண்ணத்தைவிட அந்த அம்மாவைப் பற்றித்தான் அன்று முழுக்கப் பேச்சு. பெரியவர் இளநீரை வெட்டி, ஊற்றி, அம்மா குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாராம். குசினியில் எண்ணெய் அந்த நேரம் முழுக்கக் கொதித்துக்கொண்டே இருந்ததாம்.