கத்தி பட்ட கித்தான்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓவியக் கல்லூரி முதல்வர் அவர்களே, கட்டணமின்றி இந்த அரங்கைத் தந்துதவிய நூலகர் ஐயா அவர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். ஓவியத்துக்குச் சுவர், கித்தான் என்னும் முரட்டுத் துணி. போலந்து ஓவியர் பொட்கோவின்ஸ்கியின் 'பரவசத்தின் வெறி' பற்றி வண்ணம், உருவம், பழுதுபார்ப்பு என மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

310 செ.மீ. உயரம், 275 செ.மீ. அகலம். முன்னங்கால் தூக்கி எழும் கருங்குதிரை. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்மூடிக் கிடக்கும் ஆடையற்ற பெண். 1894 மார்ச்சில் வார்சாவின் ஸாஹென்டா கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்தார்கள். கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம்! ஏறத்தாழ 12,000 பேர். முகஞ்சுளித்தவர்களும் வந்தார்கள், முகஞ்சுளித்தபடியே பார்த்தார்கள். ஏப்ரல் 24 காலை ஓவியரே வந்தார். ஏணி போட்டு ஏறினார். கத்தியை எடுத்தார். கிழித்தது யாரை? குதிரையை அல்ல, அந்தப் பெண்ணை! காதல் தோல்வி என்று அன்றே ஊர் பேசியது. வதந்திக்கு இந்த மேடை வேண்டாம். அடுத்த ஜனவரியில் காசநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 28. பிறகு உர்பான்ஸ்கி என்பவர் படத்தைச் சீர்செய்தார். 1904இல் கலைப்பொருள் சேகரிப்பாளர் யாசென்ஸ்கி அதைப் போலந்தின் கிராக்கூவ் நகரத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடையளித்தார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றேனே, கிழிசலைப் பாருங்கள். இறுக்கிக் கட்டிய துணி கிழிந்ததும் இழுவிசை விட்டு விளிம்புகள் சுருங்கும். பிடித்து இழுத்தால் வண்ணம் உதிரும். முதலில் உதிரக்கூடிய இடத்தில் மெல்லிய தாள் ஒட்டிக் காக்க வேண்டும். அளவாக ஈரப்பதம் காட்டி, சிறு எடை வைத்து, நாள்கணக்கில் விளிம்புகளை நெருக்க வேண்டும். பிறகு உருப்பெருக்கியின் கீழ் இழைக்கு இழை, கோதுமை மாப்பசையும் மீன்பசையும் கலந்து சேர்க்க வேண்டும். பள்ளத்தைச் சுண்ணப்பொடிக் குழைவால் நிரப்பி, அந்த அளவுக்குள் மட்டுமே வண்ணம் தொட வேண்டும். அதுவும் பின்னால் கழுவி நீக்கக்கூடிய வண்ணமாக.

நம் ஊர்களில் என்ன செய்கிறார்கள்? மரத்துக்கான வெள்ளைப் பசையைத் தடவிப் பின்னால் ஒட்டுத்துணி! பசை இறுகியதும் ஒட்டின் வடிவம் முன்பக்கம் புடைத்து நிற்கும், எடுக்கவும் வராது. மாவட்ட அருங்காட்சியகம் ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்ற ஓவியப் பாதுகாவலர் ஒருவர் வேண்டும் என்று கேட்கிறோம். சுவர் இருந்தால்தானே சித்திரம்?

வண்ணமும் உருவமும் சொல்லாமலே நிற்கின்றன. தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். வாசல் மேசையில் கோரிக்கை மனு இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். கையெழுத்திட்டபின் பேனாவை மட்டும் விட்டுச் செல்லுங்கள்.