அசமன்பாட்டில் குறி ஏன் திரும்புகிறது?

[திரையில்: −2x < 6]

இந்த ஒரு வரியைத் தீர்க்கச் சொன்னால், இருபுறமும் −2 ஆல் வகுத்து x < −3 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுபவர்கள் ஏராளம். அந்த விடையைச் சற்றே சோதித்துப் பாருங்கள். −3 ஐ விடச் சிறிய எண்ணான −5 ஐ x இன் இடத்தில் வைத்தால், 10 < 6 என்று வருகிறது! வகுத்தலில் பிழையே இல்லாதபோது விடை மட்டும் எப்படித் தலைகீழானது?

<, > ஆகிய குறிகள், தாமஸ் ஹேரியட் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞரின் நூலில், அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1631 இல் அச்சேறின; வரலாறு இவ்வளவு போதும்.

[திரையில்: எண்கோடு, 3, 5 ஆகிய புள்ளிகள்]

3 < 5 என்பதன் பொருள், எண்கோட்டில் 3 இடப்புறமும் 5 வலப்புறமும் இருக்கின்றன என்பதே. இரண்டுடனும் ஒரே எண்ணைக் கூட்டினால் அவை சேர்ந்தே நகர்கின்றன; மிகை எண்ணால் பெருக்கினால் இடைவெளி விரியலாம், சுருங்கலாம், ஆனால் வரிசை குலையாது. −1 ஆல் பெருக்கும்போதோ, 0 இல் ஒரு கண்ணாடியை நிறுத்தியதைப் போல இரண்டும் மறுபக்கம் போய் விழுகின்றன. 0 இலிருந்து அதிகத் தொலைவில் நின்ற 5, இப்போது −5 ஆகி, −3 க்கும் இடப்புறம் தள்ளி நிற்கிறது. வரிசையே திரும்பிவிட்டதால்தான் −3 > −5 என்று குறியும் திரும்புகிறது. எந்தக் குறை எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் இதுவே விதி; ஆகவே முதல் கணக்கின் சரியான விடை x > −3. இந்தக் காட்சியைக் காட்டாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வதே பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் என்பது என் உறுதியான கருத்து.

[திரையில்: 5 − 2(3x − 4) ≤ 3x + 31]

இனிப் பல படிகள் கொண்ட கணக்கு. அடைப்புக்குறியை நீக்கும்போது −2 ஐ −4 ஆல் பெருக்கினால் +8 வரும் என்பதை மறவாதீர்கள். இடப்புறம் 13 − 6x ஆகிறது. இருபுறமும் 3x ஐயும் 13 ஐயும் கழித்தால் −9x ≤ 18. −9 ஆல் வகுக்கும்போது குறி திரும்பி x ≥ −2 கிடைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. அதே 13 − 6x ≤ 3x + 31 இல், x உறுப்புகளை வலப்புறம் சேர்த்துப் பாருங்கள்: −18 ≤ 9x. இங்கே வகுப்பது மிகை எண்ணான 9 என்பதால் குறி அப்படியே நிற்கிறது. −2 ≤ x என்று வரும் விடை, முன்பு கண்ட அதே விடைதான். −18 இல் உள்ள குறைக்குறியைக் கண்டதும் பலர் பதறிக் குறியைத் திருப்பிவிடுகிறார்கள். நாம் எந்த எண்ணால் பெருக்குகிறோம் அல்லது வகுக்கிறோம் என்பதை மட்டுமே பார்க்க வேண்டும்.

சரிபார்ப்போம். x = −2 எனில் இருபுறமும் 25; x = 0 எனில் 13 ≤ 31, உண்மை; x = −3 எனில் 31 ≤ 22, பொய். எனவே எண்கோட்டில் −2 இல் நிரப்பிய வட்டமிட்டு, அதன் வலப்புறம் முழுவதையும் நிழலிடுகிறோம்.

சில கணக்குகளில் x முற்றிலும் மறைந்துவிடும்: எஞ்சுவது 6 > 1 போன்ற உண்மையானால் எல்லா மெய்யெண்களும் தீர்வு, 2 > 5 போன்ற பொய்யானால் தீர்வே இல்லை.

[திரையில்: 7 − 3(x − 2) > 4x − 1]

இதை இருவழிகளிலும் தீர்த்து, ஒரே விடை வருகிறதா என்று பார்த்து, கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.