குப்பிக்குள்ள போன பேய்

எல்லாருக்கும் வணக்கம். மந்திரவாதி பேய் ஓட்டுன கதை நிறைய கேட்டிருப்பீங்க, ஆனா பேய் மேல வழக்கு போட்டு ஜெயிச்ச கதை கம்மிதான். இது வங்காளத்துக் கதை, லால் பிகாரி தேங்கிற எழுத்தாளர் 1883ல அச்சுல கொண்டு வந்தது.

ஒரு ஏழைப் பிராமணன், கல்யாணத்துக்கே பெரிய மனுஷங்ககிட்ட கையேந்தி காசு சேத்தவன். பொண்டாட்டியையும் அம்மாவையும் காப்பாத்த வழியில்லாம, சம்பாதிச்சுட்டு வர்றேன்னு கிளம்பிட்டான். அன்னிக்கு சாயங்காலமே ஒரு பேய் அச்சு அசலா அவன மாதிரியே வந்து, இன்னிக்கு நாள் சரியில்ல, கொஞ்சம் பணமும் கெடச்சிருச்சுன்னு சொல்லி வீட்லயே தங்கிருச்சு. வருஷங்கள் கழிச்சு நிஜ ஆள் வந்தா, "யாருய்யா நீ, என் வீட்ல உனக்கென்ன வேலை"ன்னு அது கேக்குது!

ராஜாகிட்ட போனா அவருக்கும் புரியல, நாளைக்கு வா நாளைக்கு வான்னு இழுத்தடிக்கிறாரு. யோசிச்சுப் பாருங்க, அக்கம்பக்கத்துல விசாரிச்சாலும் பேய் பக்கம்தான் பலம், இத்தனை வருஷமா அந்த வீட்ல சாப்பிட்டுத் தூங்குனது அதுதானே.

அழுதுட்டே போறவன ஒரு மரத்தடில மாட்டுக்காரப் பசங்க பாக்குறாங்க. ஒருத்தன் ராஜா, ஒருத்தன் மந்திரி, மத்தவங்க போலீஸ், அப்படி ஒரு விளையாட்டு. அந்தப் பையன் ராஜா சொல்றான், நிஜ ராஜாகிட்ட அனுமதி வாங்கிட்டு வா, நான் தீத்து வைக்கிறேன்னு. அனுமதி கேக்கணும்னு அவனுக்குத் தோணிச்சு பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, விளையாட்டு அங்கதான் கோர்ட்டா மாறுது.

விசாரணை அன்னிக்கு பையன் கழுத்து ஒடுங்குன ஒரு சின்ன குப்பிய எடுத்து வச்சு, யாரு இதுக்குள்ள போறீங்களோ அவங்கதான் வீட்டுக்காரர்ங்கிறான். நிஜ ஆளுக்குக் கோவம், மாட்டுக்காரப் பயலுக்கு மாட்டுக்காரப் புத்திதானே இருக்கும், எந்த மனுஷன் இதுக்குள்ள போவான்னு கத்துறான். அந்தக் கத்தல்தான் அவன் பக்கத்து சாட்சி, அது அவனுக்கே தெரியல! எதக் கேட்டாலும் கூடவே பதில் சொல்ற எதிராளிகிட்ட, மனுஷனால முடியாத ஒண்ணக் கேட்டான் பாருங்க, இத எந்த வக்கீலும் யோசிச்சிருக்க மாட்டாங்க. பேய் உடனே பூச்சி மாதிரி சுருங்கி உள்ள போச்சு, பையன் தக்கைய அடைச்சு, கொண்டு போய் நடுக்கடல்ல போடுன்னுட்டான்.

பிள்ளைங்களுக்கு இந்தக் கதைய சொன்னா குப்பிய எடுக்கறதுக்கு முன்னாடி நிறுத்துங்க, நீ ஜட்ஜா இருந்தா அந்த ரெண்டு பேர்கிட்டயும் என்ன கேப்பேன்னு கேளுங்க, அவங்க சொல்ற பதில முழுசாக் கேட்டுட்டு அப்புறம் மீதியச் சொல்லுங்க.