பாயில் தொடங்கும் அலைச்சறுக்கு

பெங்களூர் நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊரில் கடல் இல்லை. கிழக்கே போனால் புதுச்சேரி, மாமல்லபுரம், கோவளம். மேற்கே போனால் மங்களூருக்குப் பக்கத்தில் முல்கி. எப்படிப் போனாலும் ஒரு ராத்திரிப் பயணம், கையில் இருப்பது சனி, ஞாயிறு மட்டும். அலைச்சறுக்கு, அதாவது போர்டு என்கிற நீளப் பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சர்ஃபிங், கற்கப் போகிறவர்கள் அந்த நேரத்தில் பெரும்பங்கை எழுந்து நிற்கப் பழகுவதிலேயே செலவழித்துவிடுகிறார்கள். அதை அல்சூரிலோ ஜெயநகரிலோ நம் வீட்டுக் கூடத்திலேயே பழகிக்கொண்டு போகலாம். நான் வலியுறுத்த வந்தது இதைத்தான்.

ஒரு பாயை விரித்துக் குப்புறப் படுங்கள். பாயின் நடு மடிப்புதான் போர்டின் நடுக்கோடு. கால்களைச் சேர்த்து நீட்டுங்கள். உள்ளங்கைகளை விலா எலும்பை ஒட்டித் தரையில் பதியுங்கள். போர்டின் விளிம்பைப் பிடிக்கிற பழக்கம் இங்கேயே ஒழியட்டும். விளிம்பைப் பிடித்து எழுந்தால் ஒரு கை கொஞ்சம் அதிகமாக இழுத்தாலும் போர்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கைகளை ஊன்றி உடம்பை உயர்த்துங்கள். பின்னங்காலை மடிப்பின் மேல் குறுக்காக வையுங்கள். உடனே முன்னங்காலை இரண்டு கைகளுக்கும் நடுவே கொண்டுவாருங்கள். அதன்பிறகுதான் கையை எடுக்க வேண்டும். பாதங்களுக்கு இடையே தோள் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி, முழங்கால்கள் மடங்கி, பார்வை எதிர்ச்சுவரில்.

எந்தக் கால் முன்னால் என்று கேட்பீர்கள். பின்னாலிருந்து ஒருவர் லேசாகத் தள்ளினால் எந்தக் கால் முதலில் முன்னே போகிறதோ, பெரும்பாலும் அதுதான் முன்னங்கால். இரண்டையும் செய்து பாருங்கள். வசதியாக இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். போர்டோடு நம்மைப் பிணைக்கும் லீஷ் என்ற கயிற்றைப் பின்னங்காலில்தான் கட்ட வேண்டும்.

இரண்டு தப்புகள் எல்லோருக்கும் வரும். ஒன்று, முழங்காலில் மண்டியிட்டுப் பிறகு எழுவது. மண்டியிட்ட நிலையில் பாதங்கள் பின்னால் மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து எழுவதற்குள் சமநிலை போய்விடும். இன்னொன்று, காலைக் குனிந்து பார்ப்பது. தலை போகிற திசையில் உடம்பும் போகும், ஆக குனிந்தால் விழுவீர்கள். தினமும் இருபது முறை பாயில் எழுந்து பழகுங்கள். யோசிக்காமல் கால் தன் இடத்துக்கு வரும்வரை விடாதீர்கள்.

கூடவே நீச்சல். குளத்தில் நிற்காமல் இருநூறு மீட்டராவது நீந்தத் தெரிய வேண்டும். லீஷ் அறுந்தால் போர்டு போய்விடும். கரைக்கு நீங்கள்தான் நீந்தி வர வேண்டும்.

இனி கடல். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரை புதியவர்களுக்கு வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் அங்கே கடல் கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரை வேண்டாம். கடற்காற்று எழுந்து அலையைக் கலைப்பதற்கு முன், விடியற்காலையில் இறங்குங்கள்.

எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள, மேற்புறம் மெத்தென்ற ஃபோம் போர்டைக் கேட்டு வாங்குங்கள். சின்ன போர்டு புதியவரைத் தாங்காது. இடுப்பளவு நீரில், உடைந்து வரும் வெள்ளை நுரை அலையே போதும். போர்டு எப்போதும் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். உங்களுக்கும் அலைக்கும் நடுவே வந்தால் நெஞ்சிலோ முகத்திலோ இடிக்கும். படுத்தால் போர்டின் மூக்கு, அதாவது முன்முனை, நீருக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை தெரிய வேண்டும். முன்னால் தள்ளிப் படுத்தால் மூக்கு குத்தி மூழ்கும், பின்னால் சரிந்தால் அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். அலை தள்ளுவது தெரிந்ததும் உடனே எழாதீர்கள். இன்னும் இரண்டு முறை கையால் துடுப்புப்போல நீரை வலியுங்கள், பிறகு பாயில் பழகினபடியே எழுங்கள்.

விழும்போது தலைகுப்புற வேண்டாம். அடியில் மணல் மிகப் பக்கம். பக்கவாட்டில் தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மறைத்துக்கொள்ளுங்கள், போர்டு திரும்பி வரும்.

நேரம் முடிகிறது. மற்றவர்களோடு அலையைப் பங்கிடும் முறைகளை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அலை உடையும் இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ, அலை அவருடையது. அலைகளுக்கு நடுவே நுரையே இல்லாமல் அமைதியாகத் தெரியும் இடத்தில் இறங்காதீர்கள், உள்ளிழுக்கும் நீரோட்டம் அங்கேதான் இருக்கும். சிக்கினால் போர்டை விடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் வலித்து வெளியேறுங்கள். வணக்கம்.