போர்ட் 22 என்ற ஒரு வரியும் இரண்டு தடவை கம்பம்மெட்டு ஏறியதும்

வணக்கம் மக்களே. இன்றைக்குத் தோட்டமும் இல்லை, ஜீப்பும் இல்லை. கம்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் கேட்பது பக்கத்து வீட்டு கிரைண்டர், பொறுத்துக்கொள்ளுங்கள். மலை மேலே இருக்கிற ஒரு பெட்டிக்குள் லேப்டாப்பிலிருந்து நுழைய முடியாமல் இரண்டு நாளாக எரிச்சலில் இருந்தேன், நேற்று ராத்திரிதான் விஷயம் பிடிபட்டது. சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அணக்கரையில் சித்தப்பாவின் ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்துகிற இடத்தில், சூட்டைக் கவனித்து அலாரம் அடிக்க நான் வைத்த ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிப் பெட்டி உங்களுக்குத் தெரியும். பச்சைக் காயைத் தட்டில் பரப்பி, கீழே விறகு போட்டு, விடிய விடியச் சூடு 50 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். ஏறிப்போனால் காயின் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் ஏலத்தில் விலையும் போச்சு, அது புற்றடியானாலும் போடியானாலும். அதனால்தான் அந்தப் பெட்டி மேல் எனக்கு இவ்வளவு அக்கறை.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குச் சித்தப்பா போன். "பாப்பா, அலாரம் சும்மா சும்மா அடிக்குது, அளவைக் கொஞ்சம் ஏத்தி விடு." ஒரு நிமிட வேலை. தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய எஸ்எஸ்ஹெச் என்று ஒரு கட்டளை உண்டு; எஸ்எஸ்ஹெச் அணக்கரை என்று அடித்தேன். பெர்மிஷன் டினைட், பப்ளிக்கீ என்று வந்தது, அதாவது என் சாவிக் கோப்பை ஏற்கவில்லை, அனுமதி இல்லை. மறுபடி அடித்தேன், அதேதான்.

இங்கே எப்படி இணைகிறேன் என்பதைப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மலை மேலே சிம் கார்டு ரவுட்டர்தான். சிம்மில் பல பேருக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி, வெளியிலிருந்து நேராகக் கதவைத் தட்ட முடியாது. அதனால் பெட்டியே உள்ளிருந்து என் வாடகை சர்வருக்கு ஒரு இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும். அணக்கரைக்கு அந்த சர்வரில் 2203 என்ற போர்ட், அதாவது எண் போட்ட ஒரு கதவு; புற்றடிப் பெட்டிக்கு 2204. சர்வருக்குப் பாலம் என்று பெயர் வைத்திருக்கிறேன். என் லேப்டாப் முதலில் பாலத்துக்குப் போகும், அங்கிருந்து 127.0.0.1 (ஒரு கணினி தன்னையே குறிக்கிற முகவரி), போர்ட் 2203 வழியாக மலை மேலே ஏறும். இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் அடிக்க முடியுமா? அதற்குத்தான் ஹோம் ஃபோல்டரில் டாட் எஸ்எஸ்ஹெச்சுக்குள் கான்ஃபிக் என்று ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. ஹோஸ்ட் என்று போட்டு ஒரு செல்லப்பெயர், அதற்குக் கீழே ஹோஸ்ட்நேம் (முகவரி), யூசர், போர்ட், ப்ராக்ஸிஜம்ப் (நடுவில் எந்த சர்வர் வழியாகப் போக வேண்டும் என்பது). அவ்வளவுதான் ப்ரொஃபைல். ப்ராக்ஸிஜம்ப் 2016இல், நான் பயன்படுத்துகிற ஓப்பன்எஸ்எஸ்ஹெச் என்ற மென்பொருள் தொகுப்பின் 7.3 பதிப்பில் வந்தது. எனக்கு அந்தத் தொகுப்பிலேயே ரொம்பப் பிடித்த வசதி இதுதான். இதே வேலைக்கு மாதாமாதம் காசு கேட்கிற அழகான ஆப்கள் இருக்கின்றன, எனக்கு அவை பிடிக்கவே பிடிக்காது. நம் ப்ரொஃபைல் நம் கோப்பில் இருக்க வேண்டும்.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். போன மாதம் பெட்டியின் சிஸ்டம் இருக்கிற எஸ்டி கார்டு போய்த் தவித்தேன் அல்லவா, அதே நினைப்பில் கார்டில் சாவிக் கோப்பு கெட்டிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். சின்னத் திரை, கீபோர்டு எல்லாம் பையில் போட்டு வண்டியை எடுத்தேன். தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிய ஜீப்புகளுக்குப் பின்னாலேயே கம்பம்மெட்டு ஏறினால், அங்கே பெட்டி சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. சாவிக் கோப்பு பத்திரமாக இருக்கிறது. லேப்டாப்பை ஸ்டோர் வைஃபையில் போட்டு, பெட்டியின் உள் முகவரியை நேராக அடித்தேன், பட்டென்று உள்ளே விட்டது. அலாரத்தை மாற்றிவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து சோதித்தால் மறுபடி பெர்மிஷன் டினைட்.

செவ்வாய்க்கிழமை 450 ரூபாய்க்குப் புது கார்டு. மறுபடி மெட்டு ஏறி, புதிதாக சிஸ்டம் போட்டு, பாலத்துக்கு இணைப்பு பிடிக்கிற சர்வீஸை எழுதி, மூன்று மணி நேரம். ஸ்டோர் பார்க்கிற சேட்டன் கட்டன் சாயா கொடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் பெட்ரோல் 380 ரூபாய். ஆக 830 ரூபாய் மக்களே! வீட்டுக்கு வந்தால் அதே பதில்.

ராத்திரிதான் தோன்றியது, ஒரு கட்டளை இருக்கிறதே என்று. எஸ்எஸ்ஹெச், மைனஸ், பெரிய ஜி, பிறகு அணக்கரை. இது எங்கேயும் இணையாது. கோப்பையெல்லாம் படித்துவிட்டு, இந்தப் பெயருக்கு நான் கடைசியில் எடுத்துக்கொள்ளப்போவது இவைதான் என்று பட்டியல் போட்டுக் காட்டும். பார்க்கிறேன், போர்ட் 22 என்று நிற்கிறது. 2203 எங்கே போச்சு?

ஐயோ, ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோப்பை ஒழுங்கு செய்தேன். எல்லாவற்றுக்கும் பொதுவான ஹோஸ்ட் ஸ்டார் பகுதி கடைசியில் இருந்தது, பொதுவானது முதலில் இருந்தால்தானே பார்க்க நன்றாக இருக்கும் என்று மேலே தூக்கி வைத்தேன். கூடவே தெளிவாக இருக்கட்டும் என்று போர்ட் 22 என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி தேவையே இல்லை. 1995இல் தாட்டு யிலோனன் எஸ்எஸ்ஹெச்சை எழுதியபோதே பழைய இணைய சேவைகளான எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவில் 22ஐக் கேட்டு வாங்கிவிட்டார். எழுதாமல் விட்டாலும் 22தான்.

நான் நினைத்தது, கீழே எழுதுவது மேலே எழுதியதை மாற்றும் என்று. இங்கே அப்படி இல்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். மேலிருந்து கீழே படிக்கும்போது போர்ட்டுக்கு முதலில் எந்த மதிப்பு கிடைக்கிறதோ அதற்கே சீட். பின்னால் வருகிற 2203 நின்றுகொண்டே போக வேண்டியதுதான். அதனால் லேப்டாப் பாலத்துக்குப் போய், அங்கே 127.0.0.1, போர்ட் 22ஐத் தட்டியிருக்கிறது. அது யார்? பாலமேதான்! தோட்டப் பெட்டியின் யூசர் பெயரோடு தன் வீட்டுக் கதவையே தட்டினால் அது எப்படி விடும்? ஸ்டோர் வைஃபையில் மட்டும் ஏன் நுழைய முடிந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அங்கே பெட்டியின் சொந்தப் போர்ட் 22தானே.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. திங்கட்கிழமை முதல் தடவை அடித்தபோது, இந்த ஹோஸ்ட் யாரென்று தெரியவில்லை, தொடரலாமா என்று கேட்டது. படிக்காமல் யெஸ் அடித்தேன். நூறு தடவை போய்வந்த இடத்துக்கு அந்தக் கேள்வியே வரக்கூடாது, அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஹோஸ்ட் ஸ்டாரை மறுபடி கடைசிக்கு இறக்கினேன், போர்ட் வரியை அழித்தேன். நேராகப் போய்விடும் என்று பார்த்தால், ரிமோட் ஹோஸ்டின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை. இது நியாயம்தான், புது கார்டில் புது சிஸ்டம் போட்டேனே, பெட்டியின் அடையாளமும் புதிதுதான். எஸ்எஸ்ஹெச்-கீஜென் மைனஸ் பெரிய ஆர் போட்டுப் பழைய பதிவை நீக்கினேன். அப்படியே ஒவ்வொரு ப்ரொஃபைலிலும் ஹோஸ்ட்கீஅலையாஸ் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். இனி அடையாளம் 127.0.0.1 என்று பதியாது, அணக்கரை என்றே பதியும். இது முன்பே இருந்திருந்தால் பாலத்தின் கதவைத் தட்டிய அன்றைக்கே இது அணக்கரை இல்லை என்று கத்தியிருக்கும்.

ஹோஸ்ட் ஸ்டாரில் இப்போது இரண்டே விஷயம். சர்வர்அலைவ்இன்டர்வல் 30, மலையில் சிக்னல் செத்தால் திரை உறைந்துபோய்க் கிடக்காமல் ஒன்றரை நிமிடத்தில் தானே துண்டிக்கும். அப்புறம் ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ், அதாவது ப்ரொஃபைலில் சொன்ன சாவியை மட்டும் நீட்டு என்பது. என்னிடம் எட்டுச் சாவி இருக்கிறது, ஒவ்வொன்றாக நீட்டினால் ஆறாவதோடு சர்வர் கதவைச் சாத்திவிடும். எந்தச் சாவி என்று சொல்கிற ஐடென்டிட்டிஃபைல் வரி துண்டு போடுகிற கணக்கில் வராது, எழுதிய எல்லாச் சாவியும் சேர்ந்துகொள்ளும், அதைக் கவனியுங்கள். கோப்பை வேறு யாராவது எழுதுகிற மாதிரி விட்டு வைத்தாலும் எஸ்எஸ்ஹெச் தொடாது, நீங்கள் மட்டும் படிக்கவும் எழுதவும் முடிகிற மாதிரி சிஎச்மாட் 600 என்ற கட்டளையைப் போட்டுவிடுங்கள்.

இதோ, உங்கள் முன்னாலேயே அடிக்கிறேன். எஸ்எஸ்ஹெச் அணக்கரை... வந்துவிட்டது. சூடு 51.4. சித்தப்பாவுக்கு இப்போதே போன் போடுகிறேன், கட் பண்ணிவிடாதீர்கள், அவர் குரலையும் கேட்டுவிட்டுப் போங்கள்.